நூறு ரூபா மிச்சம் பிடிக்கப் போயி தெருவுக்கே புகை போட்ட கதை

போன ஞாயித்துக்கிழமை காலைல நம்ம ஸ்ப்ளெண்டருக்கு நானே ஆயில் மாத்திரலாம்னு வீட்டு வாசல்ல உக்காந்தேன். 2009 மாடல், டேங்குல இன்னும் ஹீரோ ஹோண்டான்னுதான் இருக்கும். கடைல விட்டா லேபர் நூறு ரூபா, அதுல என்ன பெரிய வேலை, ஒரு 17 ஸ்பேனர், ஒரு 900 மில்லி ஆயில் டப்பா, அடில வெக்க பாதியா வெட்டுன தண்ணி கேன், தொடைக்க பனியன் வேஸ்ட். திருப்பூர்ல இருந்துக்கிட்டு வேஸ்டுக்கா பஞ்சம்.

வண்டிய ரெண்டு நிமிசம் ஓடவிட்டு சூடு பண்ணிட்டு இறக்கணுமாம், அது எனக்கு அப்பறந்தான் தெரியும். நட்டக் கழட்டுனதும் கருப்பட்டிப் பாகு மாதிரி மெதுவா வந்துச்சு, சொட்டு நிக்கற வரைக்கும் யாரு காத்திருப்பா, நட்ட முடுக்கிட்டு புது ஆயில ஊத்துனேன். புனல் இல்ல, போன வருச காலண்டர்ல ஒரு தாளக் கிழிச்சு சுருட்டி வெச்சேன், முக்கால்வாசி இஞ்சினுக்குள்ளயும் மிச்சம் கீழ போற சைலன்சர் பெண்டு பைப்பு மேலயும் போச்சு.

அளவு பாக்கற ஆயில் குச்சிய எடுத்துப் பாத்தா நுனில லேசா ஈரம், அவ்வளவுதான். சரி பத்தலன்னு போன தடவ மிச்சமிருந்த அரை லிட்டரயும் கவுத்தேன். அப்பத்தான் குச்சில நல்லா ஏறுச்சு, மனசுக்கும் திருப்தியா இருந்துச்சு.

கிக்கர மிதிச்சு அர நிமிசம் ஆகல, சைடுல இருந்து புகை. அது பெண்டுல சிந்துன ஆயிலு காயுதுன்னு எனக்கே புரிஞ்சுது, வேஸ்டு வெச்சுத் தொடைச்சு கையச் சுட்டுக்கிட்டேன். அது அடங்கறதுக்குள்ள பின்னாடி சைலன்சர் வாயில இருந்து ஆரம்பிச்சுது பாருங்க, எதிர்வீடு தெரியல. பக்கத்து வீட்டு அக்கா கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்கன்னு மாடில காயப்போட்ட துணிய எடுக்க ஓடுச்சு.

வண்டி புகைஞ்சா நம்மூர்ல டாக்டருங்களுக்குக் கொறச்சலே இல்ல. ஒரு மாமா வந்த உடனே, "ரிங்கு போச்சு தம்பி, போர் போடாம தீராது"ன்னாரு, அதாவது பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சு, இஞ்சினையே பிரிக்கணுமாம். இன்னொருத்தர் வால்வுல ஆயில் கசியாம தடுக்கற சீல் போச்சுங்கறாரு. கருப்புப் புகைன்னா பெட்ரோல் ஓவர், நீலம்னா ஆயில் எரியுது, அதிகாலைல லேசா வர்ற வெள்ளை வெறும் நீராவி, இவ்வளவு எனக்கும் தெரியும், ஆனா வர்றது என்ன கலருங்கறதுலயே பஞ்சாயத்து. சாயப்பட்டறைல ஷேடு பாக்கற அண்ணன் ஒருத்தர் கண்ணச் சுருக்கிப் பாத்துட்டு, "நீலம்னு சொல்ல முடியாதுங், சாம்பல்ல லைட்டா ப்ளூ டோன் அடிக்குது"ன்னாரு. நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒரு துளி புகையாத வண்டிக்கு ராத்திரியோட ராத்திரியா எப்படி ரிங்கு போகும்னு ஒருத்தரும் யோசிக்கல, நானுந்தான்.

கடைசில அதே நூறு ரூபா மெக்கானிக் தம்பிகிட்டதான் தள்ளிட்டுப் போனேன். அவன் ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாய்க்கிட்ட ஒரு வெள்ளத்துணியக் காட்டுனான், பொட்டுப் பொட்டா எண்ணெய். அப்பறம் வண்டிய நேரா நிமித்திப் புடிக்கச் சொல்லிட்டு குச்சிய உருவுனான். மேல் கோட்டத் தாண்டி ரெண்டு விரக்கடை ஏறி நின்னுச்சு.

"எத்தன ஊத்துனீங்க்ணா?"

சொன்னேன்.

"சைடு ஸ்டாண்டுலயா பாத்தீங்க?"

டபுள் ஸ்டாண்டு ஸ்பிரிங் போயி ஆறு மாசமா கயித்துல கட்டித் தொங்குது, வேற எதுல பாக்கறது. வண்டி இடப்பக்கமா சாஞ்சு நிக்குது, குச்சி இருக்கறது வலப்பக்கம், ஆயில் பூரா அந்தப் பக்கம் போயிருச்சு, இந்தப் பக்கம் குச்சி காஞ்சு கெடந்திருக்கு. 900 மில்லி டப்பாவே இந்த மாதிரி வண்டிக்குன்னு அளந்து போடறதுதான், நான் பழசு கொஞ்சம் உள்ள நிக்கறப்பவே அதுக்கு மேல அரை லிட்டர் கவுத்திருக்கேன்.

அவன் ஏர் பில்டர் டப்பாவத் தொறந்தான், உள்ள பில்டர் பஜ்ஜி மாதிரி ஆயிலக் குடிச்சு ஊறிக் கெடக்கு. அளவுக்கு மேல இருந்தா இஞ்சினுக்குள்ள சுத்தற கிராங்கு ஆயில அடிச்சுக் கலக்கி விட்ருமாம், அது இஞ்சின் மூச்சு விடற டியூப் வழியா ஏர் பில்டருக்கு ஏறி, அங்கிருந்து கார்புரேட்டர் இழுத்து, பெட்ரோலோட சேந்து எரியறதுதான் இந்தப் புகை. ரிங்கு வால்வு எல்லாம் பத்திரம். நட்ட லூசாக்கி எக்ஸ்ட்ராவ எறக்குனான், பில்டர் புதுசு போட்டான், டபுள் ஸ்டாண்டுக்கு ஸ்பிரிங்கும் மாட்டுனான், 550 ரூபா. நூறு ரூபா மிச்சம் பண்ண கணக்க வீட்டுல இன்னும் யாரும் கேக்கல, நானா சொல்லறதா இல்ல.

"சைலன்சருக்குள்ள ஏறுனது எரிஞ்சு தீரணும்ணா, ஒரு இருவது கிலோமீட்டர் ஓட்டுங்க, அதுவரைக்கும் புகையும்"னான். சரின்னு சாயங்காலம் தெருவ நாலு சுத்து சுத்துனேன், ஒவ்வொரு சுத்துக்கும் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. அஞ்சாவது சுத்துல பக்கத்து வீட்டு அக்கா கேட்டுல நின்னு கைய காட்டுச்சு. திட்டத்தான் போகுதுன்னு பம்மிக்கிட்டே நிறுத்துனேன்.

"கண்ணு, பொறவாசல் சந்துப் பக்கமும் ஒருக்கா ஓட்டிரு, அங்கதான் கொசு பிடுங்குது."