பூஜ்யம் என்று எழுதும் முன்

மீன்வளக் கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்த புதிதில், வலை மேலே வந்ததும் மீன்களை இனவாரியாகப் பிரித்து, எடை போட்டு, நீளம் அளந்து எழுதுவதுதான் என் பொறுப்பு. கடலில் வலை போடவென்று குறித்து வைத்த இடத்தை நிலையம் என்போம். ஒவ்வொரு நிலையத்திலும் 30 நிமிடம் வலை இழுப்போம். அதே வலை, அதே வேகம், வருடா வருடம் அதே இடங்கள். ஒருமுறை கப்பலில் இருந்த மூத்த மாலுமி எதிரொலிக் கருவியின் திரையைக் காட்டி, "கூட்டம் அந்தப் பக்கம் நிக்குது சார், அங்க விட்டா மடி நிறைஞ்சிடும்" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் மீன் பிடிக்கப் போகிறவர் மீன் இருக்கும் இடத்துக்குப் போகலாம். கணக்கெடுக்கப் போகிறவர் குறித்து வைத்த இடத்துக்குத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடத்தைப் போன வருடத்தோடு ஒப்பிடவே முடியாது. இந்தப் பிடிவாதம் எங்கள் வேலைக்கு எவ்வளவு அவசியம் என்பது சீக்கிரமே புரிந்தது. அது எதை மறைக்கும் என்பது புரியத்தான் வருடங்கள் ஆயின.

பிறகு கப்பலிலிருந்து மேசைக்கு வந்தேன். ஒரு இனத்தின் எண்கள் வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே போயின. பல நிலையங்களில் பூஜ்யம். அறிக்கையின் வரைவில் 'இருப்பு குறைந்து வருகிறது' என்று எழுதிவிட்டேன். என் மேலதிகாரி அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "பூஜ்யம்னு போட்டிருக்கீங்க, சரி. அங்க மீனே இல்லையா, இல்ல மீன் போன இடத்துக்கு நம்ம வலை போகலையா?"

என்னிடம் பதில் இல்லை. அன்று மாலையே தரவு அட்டவணையில் ஆழம் குறித்த பத்தியை எடுத்து எண்களோடு சேர்த்துப் பார்த்தேன். மீன் இன்னும் கிடைத்துக்கொண்டிருந்தவை எல்லாம் எங்கள் பட்டியலிலேயே ஆழமான நிலையங்கள். அதற்கு அப்பால் கடல் இருந்தது, நிலையம் இல்லை. குறைந்ததா, இறங்கியதா என்று அந்தத் தரவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நான் சொல்லியிருந்தேன். அந்த வாக்கியம் அப்படியே வெளியே போயிருந்தால் எத்தனை படகுகளின் ஒதுக்கீடு அதை நம்பி மாறியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

கடல் சூடானால் மீன் துருவப் பக்கமாக நகரும் என்றுதான் பொதுவாகச் சொல்வோம். கீழே இறங்குவதும் ஒரு நகர்வுதான். ஐரோப்பாவின் வடகடலைப் பற்றி 2005-இல் வந்த ஆய்வில், பார்த்த இனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 25 வருடங்களில் அட்சரேகையிலோ ஆழத்திலோ இடம் மாறியிருந்தன. அதே கடலில் 1980-க்கும் 2004-க்கும் இடையே அடித்தள நீரின் குளிர்காலச் சூடு 1.6 டிகிரி கூடியது. கடலடித் தரையை ஒட்டி வாழும் மீன்கூட்டம் பத்து வருடத்துக்குச் சுமார் 3.6 மீட்டர் வீதம் ஆழத்துக்குப் போனது. இந்தியக் கடல்களிலும் மேல்மட்டத்து மீனான கானாங்கெளுத்தி, அடிமட்ட இழுவலைகளில் முன்பைவிட அதிகமாக விழத் தொடங்கியது பதிவாகியிருக்கிறது.

காரணம் எளிது. நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. மீனின் உடலோ அப்போதுதான் கூடுதலாகக் கேட்கிறது. முட்டைக்கும் முட்டையிடும் தாய்மீனுக்கும் தாங்கும் வரம்பு இன்னும் குறுகல். வளர்ந்த மீன் சமாளித்துவிடும் சூட்டில் அடுத்த தலைமுறை உருவாகாமலே போய்விடலாம்.

இதையெல்லாம் எனக்கு நெருக்கமாகக் காட்டியது காதுக்கல். மீனின் தலைக்குள் இருபக்கமும் இருக்கும் சின்னச் சுண்ணாம்புக் கல் அது. குறுக்கே வெட்டித் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தில் இருப்பது போலவே வருட வளையங்கள். வளரும்போது சுற்றியிருந்த நீரின் ஆக்சிஜனும் அதில் சேர்ந்துகொள்வதால், கனமான ஆக்சிஜனுக்கும் லேசானதற்கும் உள்ள விகிதத்தை அளந்து, எந்த வயதில் அந்த மீன் எவ்வளவு சூட்டில் இருந்தது என்று கணிக்க முடியும். அரிசி அளவுக் கல்லில் ஒரு மீனின் முழுப் பயணமும் இருக்கிறது. முதல் முறை பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

மீன் நகர்கிறது, மனிதர் போட்ட கோடு நகர்வதில்லை. வடகிழக்கு அட்லாண்டிக் கானாங்கெளுத்தி 2007 வாக்கில் ஐஸ்லாந்தின் கடலுக்குள் பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது. சூடு மட்டும் காரணமில்லை, கூட்டம் பெருத்ததும் இரை தேடியதும் சேர்ந்தன. யாருக்கு எவ்வளவு என்று நாடுகள் உடன்படவில்லை. எல்லோர் பங்கையும் கூட்டினால் விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டியது. 2012-இலும் மறுபடி 2019-இலும் வளம் தீராத அளவில் பிடிக்கிறார்கள் என்பதற்கான சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைத் தட்டைமீனுக்கான மாநிலப் பங்குகள் 1980-களின் பிடிப்பை வைத்துப் போடப்பட்டவை. மீன் வடக்கே போனபின் தெற்கத்திப் படகுகள் வெகுதூரம் ஓடிப் பிடித்துத் திரும்புகின்றன.

அதற்காக, காணாமல் போனதெல்லாம் இடம் மாறியதாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலின் பனி நண்டைப் பற்றிப் படித்தபோது இதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்தேன். 2018, 2019 வெப்ப அலைக்குப் பிறகு, 2020-இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2021-இல் வலை போட்டபோது கூட்டமே சரிந்திருந்தது. வேறு பக்கம் போயிருக்கும் என்று தேடினார்கள், கிடைக்கவில்லை. 2022-இல் அந்த நண்டுப் பிடிப்பு முதல் முறையாக மூடப்பட்டது. 1000 கோடிக்கு மேற்பட்ட நண்டுகள் போய்விட்டிருந்தன. சூட்டில் பசி கூடி, நெருக்கத்தில் இரை போதாமல் செத்திருக்க வேண்டும் என்று 2023-இல் வந்த ஆய்வு சொன்னது.

நகர்ந்த மீனைச் செத்ததாக நினைத்தால் பிழைப்பைக் கெடுக்கிறோம். செத்ததை நகர்ந்ததாக நினைத்தால் மிச்சத்தையும் பிடித்துத் தீர்க்கிறோம். இப்போதெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களிடம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நீரின் சூட்டையும் ஆழத்தையும் எழுதச் சொல்கிறேன்.

பழைய நிலையங்களை விடாமல், அவற்றுக்கு அப்பால் ஆழத்தில் சில புதிய நிலையங்களையும் சேர்த்திருக்கிறோம். முதலாவதில் வலை ஏறியபோது நான் தளத்தில்தான் நின்றேன். நான் தேடிய இனத்தில் 7 மீன்கள். அளந்து எழுதினேன். போன வருடம் என்ற பத்தியில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டேன்.