கடைக்கால் பறித்த வருசம்

"பௌண்டேசன்னா என்னம்மிணி, கடைக்காலா?" என்று கேட்டார் அப்பாரு, என் தாத்தா. ஆமாங்கப்பாரு, கடைக்கால்தானுங்க என்றேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, "வருசம் பூராக் கடைக்காலே பறிச்சுட்டு இருந்தா ஊடு எப்பக் கட்டறது?" என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அவரிடம் ஒரு வருசம் என்றுதான் சொல்லியிருந்தேன், கடைசியில் ஒன்றே முக்கால் வருசத்துக்குப் பக்கமாகப் போய்விட்டது.

நான் சேர்ந்தது சென்னை ஐஐடி ஆன்லைனில் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு, அதன் முதல் நிலைக்குத்தான் பௌண்டேசன் என்று பெயர். ஐஐடி என்றதும் ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதினாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதற்கு அது வேண்டாம். பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், பத்தாவதில் கணக்கும் இங்கிலீசும் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கடைசி வரிதான் என்னை இழுத்தது. நான் சேவூர் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், பதினொண்ணில் காமர்ஸ் குரூப், அதனால் கணக்கு என்கிற சங்கதி பத்தாவதோடு என் வாழ்க்கையை விட்டுப் போயிருந்தது. அப்புறம் பி.காம். அப்புறம் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் வேலை, நாள் பூராவும் எக்செல் சீட், துணி வாங்குகிற பையருக்கு மெயில், டையிங்கில் கலர் வரவில்லை என்று சண்டை.

ஆனால் விண்ணப்பம் போட்டதும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் நாலு வாரம் இங்கிலீஷ், கணக்கு, புள்ளியியல், ஒரு வேலையைப் படிப்படியாக யோசிக்கச் சொல்லிக்கொடுக்கிற கம்ப்யூட்டேசனல் திங்கிங் என்று நாலு பாடத்தையும் அவர்களே நடத்துகிறார்கள். வாராவாரம் அசைன்மென்ட். அதில் ஓரளவு மார்க் இருந்தால்தான் தகுதித் தேர்வு எழுத விடுவார்கள், நாலு மணி நேரம், நேரில். நடத்திவிட்டுக் கேட்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. எவ்வளவு கோச்சிங் போனாய் என்று பார்க்கவில்லை, நாலு வாரத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்கிறாய் என்று பார்க்கிறார்கள்.

முதல் தடவை நான் தேறவில்லை. கணக்கில் 37. அப்போது பொதுப்பிரிவுக்கு ஒவ்வொரு பாடத்திலும் 40 வேண்டும், ஓபிசிக்கு 35. எங்களுடையது பிசி சான்றிதழ், அது போதும் என்று நினைத்துக் கடைசி நாளில் அப்லோட் பண்ணப் போனால், மத்திய அரசு நிறுவனம் என்பதால், வசதியான குடும்பம் இல்லை என்று காட்டும் ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியாக வேண்டுமாம். கையில் இல்லை, பொதுவில் போட்டுவிட்டேன். ரெண்டு மாதம் முந்தி இ-சேவை மையத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தால் அந்த 37-லேயே உள்ளே போயிருப்பேன். இதைப் படிக்கிற யாராவது விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் பாடத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்தச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். நான் சேர்ந்தபோது பௌண்டேசன் நிலையில் ஒரு பாடத்துக்கு 4,000 ரூபாய், எட்டுப் பாடம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துப் பாதி, சிலருக்கு முக்கால் பங்கு வரைக்கும் குறைத்துக்கொடுக்கிறார்கள். அந்தச் சலுகையும் இந்தக் காகிதங்களை வைத்துத்தான்.

அடுத்த தடவை உள்ளே போனேன்.

எட்டுப் பாடம் என்றேனே, கணக்கு ரெண்டு, புள்ளியியல் ரெண்டு, இங்கிலீஷ் ரெண்டு, கம்ப்யூட்டேசனல் திங்கிங், பைதான் என்கிற நிரல்மொழி. வருசத்துக்கு மூணு டெர்ம், ஜனவரி, மே, செப்டம்பர். ஒரு டெர்முக்கு நாலு பாடம் வரைக்கும் எடுக்கலாம். வேலை இல்லாத பையன்கள் நாலும் எடுத்து எட்டே மாதத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு ரெண்டுதான் முடிந்தது, ஷிப்மென்ட் வாரத்தில் அந்த ரெண்டும் நெஞ்சு வரைக்கும் வந்துவிடும்.

இதில் கம்ப்யூட்டேசனல் திங்கிங் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பாடத்தை நானும் அம்மாவும் சேர்ந்துதான் படித்தோம். கம்ப்யூட்டர் பாடம் என்று போய் உட்கார்ந்தால் கம்ப்யூட்டரே இல்லை. மாதவன் முகுந்த் சார், சென்னைக் கணிதவியல் கழகத்தில் இருப்பவர், மேசையில் ஒரு கட்டு அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மாணவரின் பெயர், பிறந்த நாள், மார்க். முதல் குவியலில் அட்டை இருக்கிற வரைக்கும் ஒன்றை எடு, பார், ரெண்டாவது குவியலில் வை. இதுதான் முதல் வாரம். இதற்கா நாலாயிரம் என்று தோன்றியது.

வீடியோவில் பார்த்தால் மண்டையில் ஏறவில்லை என்று நானே கம்பெனியில் வீணாய்ப் போன கார்ட்டன் அட்டையை வெட்டி முப்பது அட்டை எழுதினேன். ராத்திரி திண்ணையில் பரப்பி உட்கார்ந்திருந்தேன். அம்மா பனியன் கம்பெனியில் பதினெட்டு வருசமாகச் செக்கிங். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதைத்தான நா பண்ணீட்டு இருக்கறேன், இடது கைப்பக்கம் பீஸ் குமிச்சிருக்கும், எடுத்துப் பாத்து வலது பக்கம் போடறது. இதுக்கு ஐஐடியில பாடமா கண்ணு?" என்றார். சிரித்தேன், ஆனால் பதில் சொல்ல முடியவில்லை.

சில வாரம் கழித்து ஒரு கணக்கு வந்தது. முப்பது பேரில் ஒரே பிறந்த நாள் உள்ள ரெண்டு பேர் இருக்கிறார்களா? ஒவ்வொரு அட்டையையும் மற்ற எல்லா அட்டையோடும் ஒப்பிட வேண்டும், 30-ஐ 29-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 435 தடவை. நான் உண்மையாகவே ஒப்பிட ஆரம்பித்து அறுபதோ எழுபதோ வரும்போது எங்கே விட்டேன் என்று மறந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து வந்தேன். அம்மா சோற்றுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "சைஸ் பிரிக்காம எவளாச்சும் எண்ணுவாளா? மாசத்துக்கு ஒரு கூடை வெச்சுப் போடு, மார்ச்சுல பொறந்தவனை எதுக்கு ஆவணியில பொறந்தவனோட வெச்சுப் பாக்கறே?" என்றார். பன்னிரண்டு குவியலாகப் பிரித்தோம். ஒரு மாதத்தில் ஆளே இல்லை, ஒன்றில் ஒரே ஆள், மூணு மாதத்தில் நாலு நாலு பேர், மற்றதில் ரெண்டும் மூணும். குவியலுக்குள்ளே மட்டும் ஒப்பிட்டால் மொத்தம் 31 தடவை. அடுத்த வீடியோவைப் போட்டால் சார் அதையேதான் செய்கிறார், இப்படிக் கூடை கூடையாகப் பிரிப்பதற்குப் பின்னிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 435 எங்கே, 31 எங்கே. எஸ், எம், எல் என்று பீஸ் பிரிக்கிற எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். சொல்லத் தெரியாதது அந்த 435 மட்டும்தான், அதை எண்ணிக் காட்டத்தான் படிப்பு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கணக்கு வேறு கதை. முதல் பாடம் கணம், உறவு, சார்பு என்று போகும். பேர் பத்தாவதில் பார்த்ததுதான், ஆனால் அன்றைக்குப் பதிலை மட்டும் மனப்பாடம் பண்ணியிருந்தேன். லாகரிதம் என்கிற லாக் வந்ததும் படுத்துவிட்டேன். பதினொண்ணில் கணக்கு படித்தவர்களுக்கு அது சாதாரணம், எனக்கு அந்தச் சொல்லே புதிது. அந்த டெர்மில் கணக்கு போனது. இன்னொரு டெர்ம், இன்னொரு தடவை காசு, வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ரெண்டாவது முறை ஒரு வேலை செய்தேன். தமிழ்நாடு அரசின் பதினொண்ணாவது கணக்குப் புத்தகத்தைத் தமிழ் மீடியத்தில் இறக்கிக்கொண்டேன், ஓசிதான். லாக் என்பதற்கு மடக்கை என்று போட்டிருந்தது. மடங்கு என்றால் தெரியும், ரெண்டு மடங்கு, நாலு மடங்கு என்கிறோமே. 8 வர 2-ஐ எத்தனை தடவை பெருக்க வேண்டும், மூணு. 1024 வர பத்து. அந்தப் பத்துதான் மடக்கை. லாக் என்ற சொல்லில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மடக்கை என்ற சொல்லுக்குள்ளேயே அர்த்தம் உட்கார்ந்திருந்தது. சார்பும் அப்படித்தான், ஒன்று இன்னொன்றைச் சார்ந்து இருக்கிறது. நோட்டை நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் அவர்கள் சொல்லும் சொல், வலப்பக்கம் புத்தகத்தின் தமிழ்ச் சொல் என்று எழுதிக்கொண்டே போனேன். தமிழ் மீடியத்தில் படித்ததைச் சுமை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நோட்டுதான் கைகொடுத்தது. ரெண்டாவது தடவை 71.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் அப்பாரு தன் பியூசி கதையை எடுத்தார். வீட்டில் யாருக்கும் முழுதாகத் தெரியாத கதை. அந்தக் காலத்தில் பிளஸ் டூ கிடையாது, பதினொண்ணு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் எஸ்எஸ்எல்சி, அப்புறம் கல்லூரியில் ஒரு வருசம் பியூசி, அதைத் தாண்டினால்தான் மூணு வருச டிகிரி. 1978-இல் பிளஸ் டூ வந்ததும் அது போனது. அவர் 1969-இல் கோயமுத்தூரில் சேர்ந்தார். எஸ்எஸ்எல்சி வரைக்கும் எல்லாம் தமிழில் படித்துவிட்டு வந்தவருக்கு முதல் நாளே கெமிஸ்ட்ரி இங்கிலீசில். "வாத்தியாரு போர்டுல எழுதறதை நோட்டுல வரைஞ்சுக்குவோம் அம்மிணி, படம் வரையற மாதிரி" என்றார். ஒரு பேப்பர் போனது, அடுத்த தடவையும் போனது, ஊருக்கு வந்து ஏர் பிடித்துவிட்டார். "யாரும் எங்களுக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீசுன்னு கோடு போட்டுக் குடுக்கல" என்று சொல்லிவிட்டு நோட்டை என்னிடம் தந்தார். அதற்கப்புறம் ஊடு எப்பக் கட்டுவீங்க என்று கேட்கவே இல்லை.

என்னைக் கேட்டால் இந்த மாதிரி ஒரு வருசம் எல்லோருக்கும் வேண்டும். எங்கள் முதலாளி பையன் ஜெர்மனிக்குப் போயிருக்கிறான், அங்கே நம்ம பிளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்து நேராகப் பல்கலைக்கழகத்தில் நுழைய முடியாது என்று ஸ்டூடியன்கொல்லெக் என்ற தயாரிப்புப் படிப்பில் ரெண்டு செமஸ்டர் படித்து ஒரு தேர்வு எழுதிவிட்டுத்தான் உள்ளே போனான். அவனைப் பார்த்து யாரும் வருசம் வீணாய்ப் போச்சே என்று கேட்கவில்லை. நம் ஊரில் உட்கார்ந்து அதையே செய்தால் மட்டும் ஒறம்பரை வீட்டில் "இன்னுமா படிக்கறே" என்கிறார்கள். ஆன்லைன் என்றால் கரஸ்பாண்டன்ஸ்தானே என்று ஒரு சித்தப்பா. சித்தப்பா, பரீட்சைக்கு ஞாயித்துக்கிழமை விடிகாலையில் அரிசிம்பருப்புச் சோறு கட்டிக்கொண்டு சேவூரில் பஸ் ஏறி, அவினாசியில் மாறி, அவினாசி ரோடு முழுக்க மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

பைதானுக்கு மட்டும் நிரல் எழுதும் தேர்வு வீட்டிலேயே, கேமரா முன்னால். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. போய்க் கேட்டதற்கு அந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் ரெண்டு மணி நேரம் தறியை நிறுத்தி வைத்தார். அவருக்கு அன்றைக்குக் கூலி எவ்வளவு போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக நான் எழுதிய நிரல் ஒன்றில் ஒரு இடத்தில் ஸ்பேஸ் தப்பாகி ஓடவே இல்லை. தேறிவிட்டேன், சொற்ப மார்க்கில்.

இப்போது பௌண்டேசனுக்கு அடுத்த டிப்ளமோ நிலைக்கு வந்துவிட்டேன். போன வாரம் சித்தி பையன், பிளஸ் டூ முடித்தவன், அக்கா நானும் சேரட்டுமா, நாலு பாடம் எடுத்து ஒரே மூச்சில் முடிச்சுடறேன் என்று வந்தான். ரெண்டு எடுடா என்றேன். முகம் சுருங்கிப்போனது. அட்டாலியில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த அந்த முப்பது அட்டையை எடுத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால் இருபத்தாறுதான் இருக்கிறது. அம்மா நாலை எடுத்துப் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.