குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது வலிப்பாக இருந்தது: எங்கள் அனுபவம்

ஐந்து மாதக் குழந்தைக்கு வலிப்பு என்றதும் எல்லோரும் கேட்ட கேள்வி, "வாயில நுரை தள்ளிச்சா? கை கால் இழுத்துச்சா?" இரண்டும் இல்லை. தூங்கி எழுந்த கொஞ்ச நேரத்தில் மகளுக்குத் தலை சட்டென்று முன்னால் சாயும், கைகள் இரண்டும் விரிந்து மடங்கும், கால்கள் வயிற்றை நோக்கி எழும்பும். ஓரிரு நொடிதான், விட்டுவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே மாதிரி. இப்படி வரிசையாக வந்து ஓய்ந்ததும் ஒரு பெரிய அழுகை.

உரம் விழுந்திருக்கும் என்று அம்மா சேலையில் போட்டு உருட்ட ஆள் தேடினார். பயந்திருக்கிறாள் என்று அத்தை மந்திரித்துக் கயிறு கட்டினார். கிளினிக்கில் வாயுத் தொல்லை என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். டாக்டர் முன்னால் அவள் ஒரு தடவைகூட அப்படிச் செய்யவில்லை, அவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது.

எனக்கு உறுத்தியது வேறு. சாதாரணமாகக் குழந்தை திடுக்கிட்டால் ஒரு சத்தமோ அசைவோ காரணமாக இருக்கும், ஒன்றோடு முடியும். இவளுக்குச் சத்தமே இல்லாத அறையிலும் வந்தது, அதுவும் தூங்கி எழும்போதெல்லாம். முகம் பார்த்துச் சிரிப்பவள் சிரிப்பதையும் குறைத்துக்கொண்டாள். கிலுகிலுப்பையை ஆட்டினாலும் திரும்பவில்லை.

கணவர் போனில் வீடியோ எடுத்தார். போர்வையை விலக்கி, உடம்பு முழுக்கத் தெரியும்படி, அடுத்தடுத்து வருவதும் பதிவாகும்படி. குழந்தைகள் நரம்பியல் டாக்டர் அதைப் பாதிவரைதான் பார்த்தார். "நாளைக்கே இ.இ.ஜி. எடுத்துடலாம்மா" என்றார், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை அது. நோயின் பெயர் இன்ஃபன்டைல் ஸ்பாசம், கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு. 1841-இல் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் மகனுக்கே இது வந்ததை லான்செட் என்ற மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். அதனால் வெஸ்ட் சிண்ட்ரோம் என்றும் சொல்கிறார்கள். அப்போதே எழுதி வைத்த நோய்க்கு நாம் இன்னும் கிரைப் வாட்டர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்!

இ.இ.ஜி.யைத் தூங்கும்போதும் விழிக்கும்போதும் எடுக்க வேண்டும். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. அங்கே போய்த் தூங்க வேண்டுமே என்று விடியற்காலையிலேயே எழுப்பி, ஆட்டோவில் தூங்கவிடாமல் நான் பாட, கணவர் உள்ளங்காலைச் சுரண்ட, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். பசை தடவி ஒயர் ஒட்டும்போது அலறினாள், அப்புறம் பால் குடித்தபடியே தூங்கிவிட்டாள். வலியெல்லாம் கிடையாது. ஷாக் வைப்பார்களா என்று மாமனார் கேட்டதால் சொல்கிறேன். திரையில் அலைகள் தாறுமாறாக ஓடின. அதற்கு ஹிப்ஸாரித்மியா என்று பெயர்.

காரணம் தேடி ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., அப்புறம் தோலில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பது. பிறந்த கையோடு ரத்தத்தில் சர்க்கரை இறங்கி அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அப்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பு ஸ்கேனில் தெரிந்தது.

ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து இவைதான் முக்கிய மருந்துகள். எங்களுக்கு அதிக அளவில் பிரெட்னிசலோன். தாமதிக்கத் தாமதிக்க வளர்ச்சி பாதிக்கும் என்பதால் உடனே ஆரம்பித்தார்கள். ஓயாத பசி, தூக்கமில்லை, கன்னம் உப்பிவிட்டது. "இப்பதான் பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு" என்று எதிர்வீட்டு அக்கா சந்தோஷப்பட்டார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அடிக்கடி பார்த்தார்கள். மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இந்த மருந்து நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால், ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மைத் தடுப்பூசியையும் டாக்டரைக் கேட்டுத் தள்ளிப் போட்டோம்.

இரண்டாவது வாரத்தில் குலுக்கல் நின்றது. மறுபடி எடுத்த இ.இ.ஜி.யிலும் அந்தத் தாறுமாறு இல்லை. இப்போது ஒன்றேகால் வயது. பிடிக்காமல் உட்காருகிறாள், நடை இன்னும் வரவில்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பிசியோதெரபி கொடுக்கிறார்கள், தவறாமல் போகிறோம். பின்னால் வேறு வகை வலிப்பு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கிறோம்.