டார்வினின் மாமன் மகள் ஆண்ட வீடு

லண்டன் போகிற நம்மாட்கள் டார்வின் என்றால் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் சிலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் மெனக்கெட்டு ப்ராம்லி வரை ரயிலில் போய், அங்கிருந்து 146ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் டவுன் (Downe) என்ற கிராமத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கே போகலாம். எதிரே ஒரு கார் வந்தாலே ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகளுக்குள் பேருந்து நுழைகிறது, இரண்டு பக்கமும் வேலிச்செடி ஜன்னலை உரசுகிறது. தேவாலயத்தருகே இறங்கி நடந்தால் சாலையோரமாகவே வீடு. போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்க்கிறார்கள் என்று டார்வின் அந்தச் சாலையையே வெட்டித் தாழ்த்திச் சுவர் எழுப்பியவர்.

1842இல் குடிவந்து 1882இல் சாகும்வரை இங்கேதான் இருந்தார். நான் போனது விஞ்ஞானம் பார்க்க இல்லை, குடும்பம் பார்க்க. ஏனென்றால் இந்தக் குடும்பத்தின் உறவுமுறை நமக்கு விளக்கமே தேவைப்படாத ஒன்று. மனைவி எம்மா அவருடைய சொந்தத் தாய்மாமன் மகள், அவரைவிடச் சில மாதம் மூத்தவர். டார்வினின் அக்கா கரோலினைக் கட்டிக்கொண்டவரோ எம்மாவின் அண்ணன், ஆக பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். உலகம் சுற்றப் பீகிள் கப்பலில் போகக்கூடாது என்று அப்பா அடம்பிடித்தபோது பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்ததும் அதே தாய்மாமன்தான்!

தரைத்தளத்தை அவர்கள் வாழ்ந்த காலத்தில் இருந்தது போலவே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் படிப்பறையில் கூட்டம் போடுகிறார்கள், எனக்கு வரவேற்பறையை விட்டு நகர மனம் வரவில்லை. எம்மாவின் பியானோ அங்கேதான். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று சோதிக்க மொத்தக் குடும்பமும் இறங்கியதும் டார்வினின் வயதான காலத்தில்தான்: எம்மா பியானோ வாசிக்க, மகன் ஃபிரான்சிஸ் பசூன் என்ற ஊதுகருவியை ஊத, பேரன் பெர்னார்ட் விசிலடிக்க, புழுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. புழுக்கள் இருந்த தொட்டியைத் தூக்கிப் பியானோ மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும்தான் அதிர்வு தாங்காமல் வளைக்குள் ஓடின. 1881இல் வந்த மண்புழு நூலில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

ராத்திரி ஆனால் புருஷனும் பொண்டாட்டியும் பாக்கேமன் என்ற தாய விளையாட்டு ஆடுவார்கள். சும்மா பொழுதுபோக்கு இல்லை, கணக்கு வைத்து ஆடியிருக்கிறார்கள். 1876இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் எம்மா பாவம் 2,490 ஆட்டம்தான் ஜெயித்திருக்கிறாள், நான் 2,795 என்று பீற்றிக்கொள்கிறார். உலகத்தின் தலையெழுத்தை மாற்றிய மனுஷர்! கூடத்து மேஜையில் மூக்குப்பொடி ஜாடி இருந்ததாம். படிப்பறையில் வைத்தால் கை சும்மா இருக்காது என்று அங்கே வைத்தது, எழுந்து வந்து எடுக்கும்போதெல்லாம் மூடிச் சத்தம் வீட்டுக்கே கேட்டுவிடும்.

வருகிறவர்களிடம் அவரால் அதிக நேரம் உட்கார்ந்து பேச முடியாது, உடம்பு ஒத்துழைக்காது. அதனால் விருந்தாளிகளைத் தாங்கியது பெரும்பாலும் எம்மாதான், கூடவே முப்பது வருஷத்துக்கும் மேல் இந்த வீட்டில் வேலை பார்த்த பார்ஸ்லோ. தாவரவியலாளர் ஹூக்கர் வந்தால் நாள்கணக்கில் தங்குவார். பக்கத்துப் பண்ணை வீட்டில் லபக் குடும்பம். ஒருநாள் அப்பா லபக் மகனிடம் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது என்றாராம், பையன் குதிரைக்குட்டிதான் வாங்கித் தரப் போகிறார் என்று குதித்தான், டார்வின் நம் ஊருக்குக் குடிவருகிறார் என்று தெரிந்ததும் முகம் தொங்கிவிட்டது. அந்தப் பையன் பிறகு டார்வினின் சீடராகி, நாடாளுமன்றத்துக்குப் போய், 1871இல் இங்கிலாந்துக்கு வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவர்.

மற்றபடி உலகம் இந்த வீட்டுக்குள் வந்தது தபாலில். யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த அத்தைக்கு உடம்பு சரியில்லை என்ற சேதியும், புறா வளர்ப்பவரின் பதிலும், வெளிநாட்டு விதைகளும் ஒரே கட்டில் வந்து விழும். 1858 ஜூனில் அப்படித்தான் இயற்கை ஆய்வாளர் வாலஸின் கடிதம் வந்தது. உயிரினங்கள் இயற்கைத் தேர்வால் மாறுகின்றன என்று டார்வின் இருபது வருஷமாகப் பொத்தி வைத்திருந்த கருத்து இன்னொருவர் கையெழுத்தில். அதே சமயம் மகள் ஹென்ரியட்டாவுக்குத் தொண்டை அடைப்பான், கடைக்குட்டி சார்ல்ஸுக்குச் செங்காய்ச்சல். ஜூன் 28இல் குழந்தை போய்விட்டது. ஜூலை 1 அன்று லண்டனில் இயற்கை ஆய்வாளர்களின் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. பரிணாமக் கொள்கை அரங்கேறிய கதையை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அந்த வாரம் எம்மா எப்படி இருந்திருப்பார் என்று இந்த வீட்டில் நிற்கும்வரை யோசித்ததில்லை.

பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் சின்ன வயதிலேயே இறந்தார்கள், அதில் பத்து வயது ஆனியின் சாவு டார்வினை உலுக்கிப் போட்டது. சொந்தத்தில் கட்டியதுதான் காரணமோ என்ற அரிப்பு அவருக்குக் கடைசிவரை உண்டு. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுக்குள் திருமணமா என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி அதே லபக் மூலம் நாடாளுமன்றத்தில் முயற்சி செய்தார், கேலி பண்ணித் தள்ளிவிட்டார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று மகன் ஜார்ஜ் கணக்குப் போட்டு 1875இல் வெளியிட்டார்: கெடுதல் இருந்தாலும் பயந்த அளவுக்கு இல்லை என்பது அவர் முடிவு. மாமன் மகள் வயிற்றுப் பிள்ளைகளான ஜார்ஜ், ஃபிரான்சிஸ், ஹோரஸ் மூவருமே பிரிட்டனின் பெரிய அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள். இதை எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த கல்யாணப் பேச்சில் டார்வினை இழுப்பார்கள்.