பீட்டிலுக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர்?

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் பலர் பாஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் கருவி) முதலில் தேடுகிறார்கள். அதில் வேக்குவம் அட்வான்ஸ், அதாவது எஞ்சின் உறிஞ்சும் விசையைக் கொண்டு தீப்பொறியை முன்கூட்டியே வரவைக்கும் அமைப்பு, கிடையாது. எஞ்சின் சுற்று ஏறினால்தான் டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரம், முன்னேறும். 34 பிக்ட்-3 என்ற ஒற்றைக் கார்புரேட்டரோடு அதைச் சேர்த்தால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி சட்டென்று எழாமல் தயங்கும். எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது!

ஒற்றைக் கார்புரேட்டர் என்றால் வேக்குவம் அட்வான்ஸும் சேர்ந்ததையே போடுங்கள். லேசாக மிதித்து ஓட்டும்போது தீப்பொறி முன்கூட்டியே வரும், பெட்ரோலும் மிச்சம். இரட்டைக் கார்புரேட்டரா? சரி, 009 போதும்.

அப்புறம், எதை மாட்டினாலும் பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடுமுனை) இடைவெளியை 0.4 மி.மீ. வைத்துவிட்டு, வேக்குவம் குழாய் இருந்தால் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டில் (தீப்பொறி நேரத்தைக் காட்டும் விளக்கு) நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் மொத்த அட்வான்ஸை, அதாவது தீப்பொறி எத்தனை டிகிரி முன்கூட்டி வருகிறது என்பதை, பாருங்கள். 32 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், காற்றில் குளிரும் எஞ்சினில் ஹெட் சீக்கிரம் சூடேறிவிடும்.