ரயிலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த கதை

சனிக்கிழமை ஆனால் ரயில்வே வேலைக்குப் போய்விடுவேன் என்று யாரிடம் சொன்னாலும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எஞ்சின் ஓட்டுவீங்களா?" இரண்டாவது, "எவ்வளவு தர்றாங்க?" முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவதற்கு, அவர்கள் எதுவும் தருவதில்லை, நான்தான் வருடா வருடம் சந்தா கட்டுகிறேன். மூன்றாவது கேள்வி வரை இன்னும் யாரும் வந்ததில்லை. ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

எப்போதோ மூடப்பட்ட கிளைப்பாதை ஒன்றில் ஐந்து கிலோமீட்டரை மட்டும் எப்படியோ மீட்டு, ஒரு பழைய நீராவி எஞ்சின், மூன்று பெட்டிகள், இரண்டு நிலையங்கள் என்று வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிற சின்ன சங்கம் எங்களுடையது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், மிச்சப் பேர் வீட்டிலிருந்து ஓய்வு தேடுகிறவர்கள். நான் இரண்டாவது வகை. சேரும்போது என் மனதில் இருந்த படமே வேறு: தொப்பி, கழுத்தில் கைக்குட்டை, எஞ்சின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நான், வழியெல்லாம் கையாட்டும் குழந்தைகள். முதல் நாள் கையில் கொடுத்தது ஒரு களைக்கொத்து.

மூன்று மாதம் புல் பிடுங்கினேன். நடுவில் தப்பிக்க ஒரு வழி தேடிப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரித் தன்னார்வலர்கள் கையிலெடுத்துக் காப்பாற்றிய முதல் ரயில்பாதை வேல்ஸில் இருக்கிற டாலிலின். முதலாளி 1950-ல் இறந்துபோக, பாதையும் கூடவே போய்ச் சேரட்டும் என்று விடாமல் டாம் ரோல்ட் என்பவரும் நண்பர்களும் பர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் போட்டார்கள், 1951 மே 14-ல் தாங்களே முதல் ரயிலை விட்டுவிட்டார்கள். ஓடுகிற நிலைமையில் அவர்களிடம் இருந்தது 1866-ல் செய்த டால்காக் என்கிற எஞ்சின் ஒன்றுதான். பக்கத்தில் மூடப்பட்ட இன்னொரு பாதையின் எஞ்சின்கள் இரண்டு, அதிர்ஷ்டவசமாக இவர்களுடைய அதே 686 மில்லிமீட்டர் தண்டவாள இடைவெளிக்குப் பொருந்துபவை, சும்மா நிற்க, ஒன்று 25 பவுண்டு என்று வாங்கிக்கொண்டார்கள். இதிலெல்லாம் எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் காலத்தில் அங்கே தண்டவாளத்தை விலகாமல் பிடித்துக்கொண்டிருந்ததே மண்ணும் புல்லும்தான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இதை எங்கள் பாதைக் குழுவின் பெரியவரிடம் எடுத்துச் சொல்லி, ஆகவே புல்லை விட்டுவைப்பதுதான் பாதுகாப்பு என்று முடித்தேன். அவர் நிமிராமலே, "அங்க புல்லுக்கு உன்னை விடப் பொறுப்பு ஜாஸ்தி, தம்பி. பிடுங்கு" என்றார்.

பெரியவருக்கு எழுபத்தாறு வயது. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. முப்பது வருடமாக இந்தப் பாதையில் ஜல்லி கொட்டுகிறார், கட்டை மாற்றுகிறார். ஆனால் எஞ்சின் மேல் ஏறியது கைவிரல் எண்ணிக்கைதான். எஞ்சின்காரர்கள் தனிச் சாதி, அழுக்கிலும் ஒரு மிடுக்கு, எங்களைப் பார்த்தால் தலையை லேசாக ஆட்டுவதோடு சரி. பெரியவருக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது.

புல்லிலிருந்து எனக்கு வந்த பதவி உயர்வு ஆப்பு. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே ஆப்பு. எங்கள் பழைய பாணித் தண்டவாளம் கட்டை மேல் நேராக உட்காராது. ஒவ்வொரு கட்டையிலும் வார்ப்பிரும்பில் ஒரு இருக்கை, அதற்குள் தண்டவாளம், தண்டவாளத்துக்கும் இருக்கையின் தாடைக்கும் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மர ஆப்பு. வெயில் காலத்தில் மரம் சுருங்கும், ஆப்பு கழன்று விழும். நீளமான சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து, விழுந்ததைத் தேடி எடுத்துத் திரும்ப அடித்து ஏற்ற வேண்டும். 18 மீட்டர் தண்டவாளத்துக்குக் கீழே 24 கட்டை, கட்டைக்கு இரண்டு ஆப்பு, ஆக ஒரு கிலோமீட்டருக்கு 2,600-க்கு மேல், எங்கள் ஐந்து கிலோமீட்டருக்கு பதிமூவாயிரம். அலுவலகத்தில் மற்றவர்கள் எனக்கு வைக்கிறார்கள், இங்கே நான் வைக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நன்றாக உட்கார்ந்த ஆப்பு அடித்தால் கணீர் என்று சொல்லும், தளர்ந்தது சொத்தென்று சொல்லும். இரண்டு மாதத்தில் எனக்குக் காது பழகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். வீட்டில் இந்தத் திறமைக்கு மதிப்பில்லை.

எஞ்சின் பக்கம் ஒரே ஒரு தடவை போக விட்டார்கள், ஆள் குறைந்த ஒரு நாளில். காலை ஐந்து மணிக்கு நெருப்பு மூட்டினால்தான் ஒன்பது மணிக்கு நீராவி. அவசரப்படுத்தக் கூடாது, பாய்லர் ஒரு பக்கம் சூடாகி இன்னொரு பக்கம் ஆறிக் கிடந்தால் இரும்பு சீராக விரியாமல் எங்காவது கசிய ஆரம்பிக்கும். பாய்லர் விஷயத்தில் சட்டமும் சும்மா விடுவதில்லை. அமெரிக்காவில் 1,472 நாள் ஓடியதும், அல்லது 15 வருடம் ஆனதும், எது முதலில் வருகிறதோ அப்போது பிரித்துப் போட்டு முழுச் சோதனை செய்தாக வேண்டும். 1,500 என்று வைக்காமல் 1,472 என்று வைத்தவரை எனக்குப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. சரி, எனக்குக் கொடுத்த வேலை எஞ்சினின் முகத்தில் இருக்கிற வட்டக் கதவைத் திறந்து உள்ளே சேர்ந்திருந்த சாம்பலை வாருவது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வாரு என்று யாரும் சொல்லவில்லை. கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தியிருந்த மூன்று பெட்டிகளும் காற்று அடித்த பக்கம்தான் இருந்தன. மறு வாரத்திலிருந்து திரும்ப ஆப்பு.

இப்போது, பையில் போட்டுக்கொண்டு வந்த கதைக்கு வருகிறேன்.

ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடுக்க நம் முன்னோர் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் அல்ல, ஒரு குச்சி. ஒன்றரை அடி நீளம், வழவழப்பான மரம், சிவப்பு வண்ணம், இரண்டு நிலையங்களின் பெயரும் வெட்டிய பித்தளைத் தகடு, நுனியில் ஒரு சாவி. இந்தக் கோல் கையில் இருக்கிற டிரைவர் மட்டுமே பாதைக்குள் நுழையலாம். கோல் ஒன்றுதான் உண்டு, ஆகவே உள்ளே ரயிலும் ஒன்றுதான் இருக்கும். நடுவழியில் பிரிகிற பக்கப்பாதையின் நெம்புகோலைக் கூட இந்த நுனிச் சாவியைப் போட்டால்தான் அசைக்க முடியும். கோலாடக் குரங்காடும் என்பார்கள். இங்கே கோல் இல்லாவிட்டால் முப்பது டன் எஞ்சினும் ஆடாது. பார்வையாளர்களுக்கு இதை விளக்கிச் சொல்கிற வேலையை முந்தின வாரம்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். நானும் கோலை இரண்டு கையாலும் செங்கோல் மாதிரி உயர்த்திப் பிடித்து, "இது இல்லாமல் ரயில் ஒரு அடி கூட நகராது" என்று கணீரென்று சொல்லி, கைதட்டலும் வாங்கியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஜல்லி வண்டி ஒன்றைப் பக்கப்பாதையில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. சின்ன டீசல் எஞ்சின், பின்னால் வண்டி, அதன் மேல் நானும் பெரியவரும். வேலை முடிந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் என் கையில் கோலைக் கொடுத்து, அலுவலக ஆணியில் மாட்டிவிடு என்றார். என் கையில் ஏற்கெனவே சுத்தியல், மண்வெட்டி, ஒரு வாளி நிறையக் கழன்ற ஆப்பு. கை காலியாகட்டும் என்று கோலைப் பையில் சொருகி, எண்ணெய் அழுக்கு உடுப்பை அதன் மேல் அமுக்கினேன். சுத்தியலை அதன் இடத்தில் வைத்தேன், மண்வெட்டியைக் கழுவி வைத்தேன், ஆப்புகளைக் கூட எண்ணி ஏட்டில் எழுதினேன். அப்புறம் ஒரு மணி நேரம் கார் ஓட்டி வீட்டுக்கு வந்து, பையை மூலையில் எறிந்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். உடுப்பைத் துவைக்கப் போடலாம் என்று பையைக் கவிழ்த்தால் பை காலியாக இருந்தது, உடுப்பு தரையில் கிடந்தது. பையன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் போன பந்தை ஒரு சிவப்புக் குச்சியால் துழாவிக்கொண்டிருந்தான். நல்ல குச்சியாக இருக்கிறதே, எங்கே பிடித்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். பித்தளைத் தகடு வெயிலில் மின்னியது.

ஃபோனைத் தேடினால் அது மழைக்கோட்டுப் பையில், மழைக்கோட்டு காருக்குள். பதினேழு அழைப்புகள். முதல் மூன்று அலுவலகத்திலிருந்து, அப்புறம் டிரைவர், அப்புறம் சங்கச் செயலாளர், கடைசி நான்கு யாரென்றே தெரியாத எண்கள். திரும்பக் கூப்பிட்டேன். மணி அடிப்பதற்குள் எடுத்த செயலாளர் வணக்கம் கூடச் சொல்லவில்லை. "உங்ககிட்டயா இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை, பின்னணியில் பாய்லரின் பாதுகாப்பு வால்வு மட்டும் ஓவென்று இரைந்துகொண்டிருந்தது.

நடந்ததை அப்புறம் ஆளுக்கு ஒரு பங்கு சேர்த்துச் சொன்னார்கள். பத்தரை மணி வண்டிக்கு எல்லாம் தயார், அறுபது பயணிகள் உட்கார்ந்தாயிற்று, கார்டு விசில் வாயில் வைத்தாயிற்று, கோலை எடுக்கப் போனால் ஆணி மொட்டையாக நிற்கிறது. நிலக்கரிக் குவியலைக் கிளறியிருக்கிறார்கள், கழிப்பறைக் கூரையில் ஏறிப் பார்த்திருக்கிறார்கள், ஜல்லி வண்டி நிற்கிற இடம் வரை ஒருவர் சைக்கிளில் போய் வந்திருக்கிறார். முந்தின வாரம் என் விளக்கத்தைக் கேட்ட ஒரு குடும்பம் அன்றைக்கும் வந்திருந்ததாம். அந்தச் சின்னப் பெண் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அந்த மாமா சொன்னது நிஜம்தான்!" என்று அப்பாவிடம் சொன்னாளாம்.

கோல் தொலைந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்துப்போன விதி. குச்சி இல்லையா, ஒரு மனிதனைக் குச்சியாக நியமித்துவிடலாம். பாதை காலியாக இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும், பிறகு ஒருவரை பைலட்மேன் என்று எழுத்தில் நியமித்து, கையில் சிவப்புப் பட்டை கட்டிவிட வேண்டும். அதற்கு மேல் அவர் உத்தரவில்லாமல் ஒரு வண்டியும் கிளம்பாது. ஞாயிற்றுக்கிழமை பயணிகளோடு ஓடுவது ஒரே எஞ்சின், ஆகவே ஒவ்வொரு நடைக்கும் அவரும் டிரைவர் பக்கத்திலேயே போக வேண்டும். பல வருடமாக இழுப்பறையில் கிடந்த பட்டையைத் தேடி எடுத்தால் பூச்சி அரித்து நடுவில் ஓட்டை. விதி தெரிந்த, அன்றைக்கு வேறு பொறுப்பில்லாத ஆள் யார் என்று பார்த்தால் பெரியவர். ஓட்டைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, முப்பது வருடமாகக் கீழே நின்று பார்த்த எஞ்சின் மேல் ஏறி, அதுவும் அவர் சொல்லாமல் டிரைவர் கைப்பிடியைத் தொட முடியாது என்கிற அதிகாரத்தோடு ஏறி, பதினொன்று பத்துக்கு வண்டியைக் கிளப்பியிருக்கிறார்.

நான் கோலைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கு பெல்ட் கூடப் போட்டு, பன்னிரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். செயலாளர் முகத்தைப் பார்க்கப் பயந்து நேராக நடைமேடைக்குப் போனேன். வண்டி வந்து நின்றது. எஞ்சின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கழுத்தில் யாரோ கொடுத்த கைக்குட்டையோடு பெரியவர். வழியெல்லாம் குழந்தைகள் கையாட்டியிருப்பார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஐயா, கோல் வந்திடுச்சு" என்று நீட்டினேன். வாங்கவில்லை. அதை ஏதோ சந்தேகப்படும்படியான பொருள் மாதிரிப் பார்த்தார். "இப்போ கோல் நான். என்னை ரத்து பண்ணணும்னா அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. அதுல கையெழுத்தாகாம இந்தக் குச்சி செல்லாது" என்றார். படிவம் எங்கே என்று கேட்டதற்கு, அலுவலகத்தில்தான் இருக்கும், தேடு என்றார். தேடினேன். நானும் செயலாளரும் சேர்ந்து இரண்டு மணி நடை, மூன்று மணி நடை, நாலரை மணி நடை வரைக்கும் தேடினோம். கடைசி வண்டி வந்து, எஞ்சினைக் கொட்டகைக்குள் விட்டு, நெருப்பையும் வாரிக் கொட்டிய பிறகு, பெரியவர் நிதானமாகச் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். "இதுவான்னு பாரு."

இதெல்லாம் நடந்து இப்போது மூன்று மாதம் ஆகிறது. கோலின் ஒரு முனையில் மாட்டு மணி ஒன்றைக் கட்டிவிட்டார்கள், எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தால் நிலையம் முழுக்கக் கேட்கும். கைப்பட்டையின் ஓட்டையைப் பெரியவரே நூல் வாங்கித் தைத்து, வெயிலில் காயவைத்து, இழுப்பறையில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் நான் கிளம்பும்போது மட்டும் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்கிறார்: "தம்பி, பையில இடம் இருக்கா?"