மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பாடம்: தக்கலைப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கல்வி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே மிகுதியான எழுத்தறிவு கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் பதிவானது, 91.75 விழுக்காடு. மலையோரமானாலும் கடலோரமானாலும் பள்ளிக்கூடம் எட்டிவிடும் தொலைவில் இருக்கும் இந்த ஊர்களில், பிள்ளைகளை நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம் என்று சொன்னால், உறவினர்கள் முதலில் பிள்ளையின் உடல்நலத்தைத்தான் விசாரிப்பார்கள். என் மாமியார் மட்டும் நேராகவே கேட்டார்: "பள்ளிக்கூடம் இல்லாத காலத்துல நாங்க தவிச்சோம் மக்ளே, இருக்கிற காலத்துல நீ வேண்டாம்னு சொல்லுதியா?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழுமையான பதில் இல்லை. என் கணவர் வளைகுடா வேலையை விட்டு ஊர் திரும்பி, தக்கலைக்கு மேற்கே உள்ள குடும்ப வீட்டில் ரப்பரும் வாழையுமாகக் குடியேறிய சமயத்தில், மூத்தவளுக்குப் பதினொன்று, நடுவிலானுக்கு எட்டு, இளையவளுக்கு நான்கு வயது. ஆண்டின் நடுவில் புதிய பள்ளி தேடுவதைத் தள்ளிப் போட்டோம். தள்ளிப் போட்டது அப்படியே முறையாகிவிட்டது. இப்போது மூத்தவளுக்குப் பதினான்கு வயது.

முதலில் காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டுவிடுவது இதைத்தான். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் பத்தாம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சட்டம் சொல்லவில்லை, வீட்டுக் கல்வி என்ற ஏற்பாட்டைப் பற்றியும் அது பேசவில்லை. எனவே ஒளிந்து செய்ய வேண்டிய காரியமும் இல்லை, அரசு முத்திரை பெற்ற காரியமும் இல்லை என்ற இடைநிலையில்தான் நாங்கள் இருந்தோம். மாற்றுச் சான்றிதழை உடனே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் பதிவேட்டில் பிள்ளைக்கு உள்ள எமிஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். வந்தவர்களிடம் சிடுசிடுக்காமல், பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்துக் காட்டி, என்ன நடக்கிறது என்று விளக்கினால் அவர்கள் மரியாதையாகவே கேட்டுக்கொள்கிறார்கள். எங்களிடம் வந்த ஆசிரியை நடுவிலானின் மழைக் கணக்கைப் பார்த்துவிட்டு, அதைத் தம் பிள்ளைகளிடமும் செய்யச் சொல்லப் போவதாகக் கூறிச் சென்றார்.

இனிப் பாடத்துக்கு வருகிறேன். மூன்று வகுப்புகளுக்குரிய புத்தகங்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் தளத்திலிருந்து இறக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி அட்டவணை போட்டு நடத்துவது ஒரு தாயால் ஆகிற வேலை இல்லை. ஒருத்திக்குப் பின்னம் சொல்லும்போது மற்றவன் எருமை மாட்டை விரட்டப் போயிருப்பான், இளையவள் சுவரில் எழுதிக்கொண்டிருப்பாள். ஆகவே ஒரே வேலையை நடுவில் வைத்து, அதிலிருந்து அவரவர் வயதுக்கு ஏற்றதை எடுக்க விடுவது என்ற முறைக்கு வந்தோம். வேலை பொதுவானது, நோட்டில் எழுதப்படுவது தனித்தனியானது. பின்னால் நடந்த எல்லாமே இந்த ஒரு தீர்மானத்தின் மேல்தான் நின்றது.

நன்றாக வேலை செய்தவற்றுள் முதலிடம் ரப்பருக்குத்தான். விடியுமுன் மரத்தில் அழுத்தம் மிகுந்திருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், பால் வெட்ட வரும் அண்ணனுடன் பிள்ளைகளும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள். பட்டையைச் சாய்வாகக் கீறினால் பால் ஏன் வழிகிறது, மரத்தை முழுவதும் சுற்றி வெட்டினால் ஏன் மரம் பட்டுப்போகும் என்று அவர் சொன்ன விளக்கத்தில் தாவரவியலின் ஒரு பாடமே இருந்தது. சிரட்டையில் சேர்ந்த பாலை வடிகட்டித் தண்ணீர் சேர்த்து, பாத்திரத்தில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் கலந்து உறைய வைப்பது வழக்கம். அமிலத்தைப் பெரியவர்கள் மட்டுமே கையாண்டோம். பிள்ளைகளுக்கு ஒரு சிறிய கிண்ணப் பாலில் வினிகரை ஊற்றிப் பார்க்கச் சொன்னோம், அதிலும் பால் திரண்டுவிடும். இளையவள் திரண்டதை உருட்டி விளையாடி, மெது, வழு, ஒட்டு என்று தனக்குத் தெரிந்த சொற்களால் அதன் தன்மைகளைச் சொல்ல, நான் அவற்றை எழுதி அவள் பார்த்து எழுதினாள். நடுவிலான் பாலை நிறுத்து, உருளையில் அழுத்திய ஷீட்டை நிறுத்து, காய்ந்தபின் மீண்டும் நிறுத்து ஒரு அட்டவணை போட்டான். மூத்தவள் அந்த அட்டவணையிலிருந்து விழுக்காடு கண்டாள்: தண்ணீர் சேர்ப்பதற்கு முன் ஒரு கிலோவாக இருந்த பாலுக்கு 330 கிராம் அளவில் உலர்ந்த ரப்பர். மீதி எங்கே போனது என்று தம்பி கேட்டபோது அவள் பதில் சொன்ன விதத்தைக் கேட்டதும், விழுக்காடு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குத் தனியாகத் தேர்வு வைக்கவில்லை. அதன் பிறகு நாளிதழில் வரும் ரப்பர் விலையை வாரந்தோறும் குறித்து வரைபடம் போட்டாள். அமேசான் காட்டு மரத்தின் விதைகள் 1876-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட கதையும், 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதிப்படுத்திய கதையும் அந்த வரைபடத்தின் பின்னாலேயே வந்து சேர்ந்தன. நம் வீட்டு முற்றத்து மரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு உலகப் படத்தைத் திறக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை.

அடுத்தது நிழல். முற்றத்தில் ஒரு மீட்டர் கம்பை நேராக நட்டு, அதன் நிழல் முனையில் இளையவள் மணிக்கு ஒரு கூழாங்கல் வைப்பாள், நடுவிலான் அளவுகோலால் நீளத்தை அளப்பான், மூத்தவள் கோணம் கண்டுபிடிப்பாள். மார்ச் மாதத்தில் தொடங்கியபோது நண்பகல் நிழல் நாளுக்கு நாள் சுருங்கியது. நம் மாவட்டம் ஏறத்தாழ எட்டுப் பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் 1-ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த நேரத்தில் கம்புக்கு நிழலே இராது. மூவரும் சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் காத்திருந்தார்கள், நிழல் இருந்தது. பன்னிரண்டேகால் தாண்டிய பிறகுதான் அது கம்பின் காலடியில் அடங்கியது. இந்த இருபது நிமிட வேறுபாட்டைத்தான் மூத்தவள் ஒரு வாரம் குடைந்தாள். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, நாங்கள் இருப்பது 77 பாகையைச் சற்றே தாண்டிய இடம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் ஐந்து பாகைக்கு இருபது நிமிடம். அதை அவளே போட்டுக் காட்டினாள். தீர்க்கரேகைப் பாடத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய என்னிடம் என் பதினான்கு வயதில் யாராவது கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன்.

இதே நிழல் கணக்கை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கொண்டு போனோம். 1966-ல் பறளியாற்றின் மேல் கட்டப்பட்ட இந்தப் பாலம் 28 தூண்கள் மேல் நின்று, ஒரு மலையிலிருந்து மறு மலைக்குப் பட்டணங்கால் என்னும் கால்வாயின் நீரைக் கொண்டு போகிறது. உயரம் 115 அடி. பாலத்தின் மேல் நடந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புவோர்தான் மிகுதி. நாங்கள் கீழே இறங்கி, தரையில் விழும் நிழலையும் கம்பின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து, விகிதத்தால் உயரம் கண்டோம். பிள்ளைகளின் விடை உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது. ஆற்றங்கரை சமதளமாக இல்லாததால் அப்படி வரும் என்று என் கணவர் சொன்னதும், தளம் சரிசெய்ய என்ன வழி என்ற விவாதம் வீடு வரும்வரை நீண்டது.

மழைமானி எளிது. நேரான பக்கங்கள் கொண்ட பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்து வைத்து, காலை எட்டரை மணிக்கு மில்லிமீட்டரில் அளந்தால் போதும். குமரி மாவட்டம் தென்மேற்குப் பருவக்காற்றாலும் வடகிழக்குப் பருவக்காற்றாலும் மழை பெறுவதால், ஓர் ஆண்டுக்குப் பிறகு நடுவிலானின் வரைபடத்தில் ஜூனை ஒட்டி ஒன்றும் அக்டோபரை ஒட்டி ஒன்றுமாக, ஒட்டகத்தின் முதுகு போல இரண்டு திமில்கள் எழுந்தன.

கடற்கரையிலிருந்து கிடைத்த பாடம் வேறு வகை. முட்டம் பக்கத்தில் என் கணவரின் நண்பருடைய தகப்பனார், கட்டுமரத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர், கணியம் பார்ப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். கரையிலுள்ள ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் தெரியும் ஒரு மலை முகடும் ஒரே நேர்க்கோட்டில் வரும். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் அதேபோல நேராக வரும். இரண்டு கோடுகளும் வெட்டுமிடத்தில்தான் மீன் கிடைக்கும் பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிறது. "கண்ணு மூடிக் கடலுக்குப் போனாலும் கணியம் மறக்கப்பிடாது பிள்ளே" என்றார் அவர். வீட்டுக்கு வந்து மூத்தவள் கட்டத்தாளில் இரண்டு கோடுகளின் சமன்பாட்டை எழுதி, வெட்டும் புள்ளியைக் கண்டாள். ஆயத்தொலைப் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் செய்து கற்பதே எல்லாம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாய்ப்பாடு வாய்விட்டுச் சொன்னால்தான் படியும். தமிழில் ணகர னகர வேறுபாடும் ஒற்று மிகும் இடங்களும் எழுதி எழுதித்தான் கைக்கு வரும். ஆங்கில இலக்கணத்துக்கு எந்தத் தோட்டமும் உதவவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் மூவரும் பாயில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நாங்கள் தளர்த்தியதே இல்லை. செய்த வேலை கேள்வியை எழுப்பும். அந்தக் கேள்வியைப் புத்தகத்தில் கொண்டுபோய்த் தீர்த்து, பயிற்சிக் கணக்குப் போட்டு, நோட்டில் எழுதி முடிக்காவிட்டால் அது சுற்றுலாவாகவே நின்றுவிடும். இளையவளுக்கு வாசிப்புக் கற்றுக் கொடுத்ததில் பாதிப் பங்கு அக்காவுக்கு உண்டு. பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும் என்று விட்டது என் சுமையைக் குறைக்கத்தான். சொல்லிக் கொடுக்கப் போய் மூத்தவளின் அறிவு கூர்மையானது அதில் கிடைத்த லாபம். இருந்தாலும் அவளைச் சம்பளமில்லா ஆசிரியையாக்கிவிடக் கூடாது என்று அவளுக்கென்று மட்டும் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினோம்.

பன்னிரண்டரை வயது நிரம்பியவுடன் மூத்தவளின் சான்றிதழ்ப் பேச்சு வந்தது. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மாநில அரசுத் தேர்வுத் துறையின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி, பின் பத்தாம் வகுப்பும் தனித்தேர்வராக எழுதுவது. பத்துக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும். மற்றொன்று, 1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழி. அதில் பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்புக்குப் பதினான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும்; எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிடில் தொடர்ந்து படிக்கும் அளவுக்குத் தான் படித்திருப்பதாகத் தன்னுறுதி அளித்தால் போதும். ஐந்து பாடங்கள், தேர்ச்சிக்கு 33 விழுக்காடு, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள். பாடங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம் என்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பெரிய வசதி. சமச்சீர்ப் புத்தகத்தோடு பழகிய பிள்ளைக்கு முதல் வழி எளிதாகத் தெரியலாம். எங்களுக்குப் பாடம் பாடமாக நகரும் இரண்டாவது வழி பிடித்தது. இந்த ஆண்டு அவள் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், மனையியல் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்திருக்கிறாள். ஒப்படைப்புகளையும் அறிவியல் செய்முறைத் தேர்வையும் அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. தேதிகளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம்.

நடுவிலான் பள்ளிக்குப் போக விரும்புகிறான். கால்பந்து விளையாட இவ்வளவு பேர் வேண்டும், அக்காவும் தங்கையும் போதாது என்பது அவன் வாதம். அதில் மறுக்க ஒன்றுமில்லை. பள்ளி செல்லாத பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கவும், தேவைப்பட்டால் தனிப் பயிற்சி கொடுக்கவும் கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு வழி செய்கிறது. ஜூன் மாதத்தில் ஆறாம் வகுப்பில் சேர்க்க, அவனுடைய பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண் ஆகியவற்றை ஒரு கோப்பில் எடுத்து வைத்திருக்கிறோம். மழைமானியை யார் பார்த்துக்கொள்வது என்பதை அவனும் இளையவளும் இன்னும் பேசி முடிக்கவில்லை.